கிளட்ச் ஸ்லிப் ஆகுதா? கியர்பாக்ஸை இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

முதல் கார் வாங்கியிருக்கறவங்க, குறிப்பா செகண்ட் ஹேண்ட்ல மாருதியோ ஹூண்டாயோ வாங்கி ஓட்டிட்டு இருக்கறவங்களுக்காக எழுதுறேன். வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு ஒர்க்ஷாப் போனா "கிளட்ச் போயிருச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்"னு ஒரே வரியில சொல்லிடுவாங்க, நமக்கு அது நெஜமா இல்லையான்னு தெரியாது, எவ்ளோ ஆகும்னு தெரியாது, என்னென்ன மாத்தணும்னு கேக்கவும் தெரியாது. இந்த வேலைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காசு பார்ட்ஸுக்குப் போறதில்ல, கியர்பாக்ஸை இறக்கி ஏத்துற கூலிக்குப் போகுது. அதனால மனசுல வெச்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: கியர்பாக்ஸ் ஒரே ஒரு தடவதான் இறங்கணும், அதுவும் தேவைன்னு உறுதியானாத்தான் இறங்கணும். கீழ சொல்ற எல்லாமே அதுக்காகத்தான்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம்

இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல்னு ஒரு கனமான இரும்புச் சக்கரம். அதோட முகத்துல கிளட்ச் பிளேட் உக்காந்திருக்கும், பிளேட்டோட நடு ஓட்டைல கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சொருகியிருக்கும். பிளேட்டுக்கு வெளிப்பக்கத்துல இருந்து பிரஷர் பிளேட் ஒரு ஸ்பிரிங் பலத்தால அதை ஃப்ளைவீலோட சேத்து அழுத்திப் பிடிக்கும், ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு தட்டை இறுக்கிப் பிடிச்ச மாதிரி. நீங்க பெடல மிதிச்சா ரிலீஸ் பேரிங் போய் அந்த ஸ்பிரிங்கை அழுத்தும், பிடி விடும், கியர் மாத்திக்கலாம். கால எடுத்தா திரும்பப் பிடிச்சுக்கும். ஸ்லிப்ங்கறது கால முழுசா எடுத்த பிறகும் அந்தப் பிடி பத்தாம இன்ஜின் ஒரு வேகத்துல சுத்த, பிளேட் அதைவிடக் கம்மியா சுத்தறது. பிளேட் தேஞ்சிருந்தாலும் இது வரும், அதுமேல ஆயில் பட்டிருந்தாலும் வரும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் வரும், இன்னொண்ணு நிறைய பேர் மறக்கறது, பெடலே முழுசா மேல வராம கேபிள் இழுத்துப் பிடிச்சிட்டிருந்தாலும் வரும். கடைசியா சொன்னதுக்கு கியர்பாக்ஸை இறக்கவே வேணாம்.

முதல்ல, இது ஸ்லிப்தானான்னு பாருங்க

ஸ்லிப்போட ஒரே நல்ல அடையாளம் இதுதான்: ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறுது, ஆர்பிஎம் முள்ளு (இன்ஜின் சுத்தற வேகத்தக் காட்டறது) ஏறுது, ஆனா ஸ்பீடு ஏறல. பிளாட் ரோட்ல மெதுவா போகும்போது ஒண்ணும் தெரியாது. ஃப்ளைஓவர் ஏறும்போது, அஞ்சு பேர் உக்காந்து ஏசி போட்டு ஓவர்டேக் பண்ணும்போது, மலை ஏறும்போதுதான் காட்டிக் குடுக்கும். அதனாலதான் ஊருக்குள்ள மாசக்கணக்கா நல்லா ஓடுன வண்டி ஏற்காடு ஏறும்போது பாதி கொண்டை ஊசி வளைவுல நின்னு போகுது, கொல்லிமலைல 70 வளைவு இருக்கு, அங்க தேஞ்ச கிளட்ச்சோட போறத நெனச்சுப் பாருங்க.

இழுவை இல்லாதது எல்லாமே கிளட்ச் இல்ல. ஆக்சிலரேட்டர் மிதிச்சும் ஆர்பிஎம்மும் ஏறல ஸ்பீடும் ஏறலன்னா இன்ஜின் பக்கம் பாக்கணும், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், டீசல் ஃபில்டரா இருக்கலாம், டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம். வண்டி நியூட்ரல்ல தள்ளினா நகர மாட்டேங்குது, ஓட்டி நிறுத்தினதும் ஒரு வீல் மட்டும் கொதிக்குதுன்னா பிரேக் பிடிச்சிட்டிருக்கு. கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம் வருதுன்னா அது ஸ்லிப்புக்கு நேர் எதிர், கிளட்ச் முழுசா விடல, ஃப்ளூயிட் லீக்கோ கேபிளோ பாக்கணும். இந்த மூணையும் போட்டுக் குழப்பிட்டு கிளட்ச் செட் வாங்கினவங்க நிறைய பேர்.

சரி, டெஸ்ட் எப்படி பண்றது. எல்லாரும் சொல்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு: ஹேண்ட் பிரேக் இழுத்து, ஃபுட் பிரேக்கும் மிதிச்சு, மூணாவது கியர் போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க, இன்ஜின் ஆஃப் ஆகணும். ஆஃப் ஆகாம ஓடிட்டே இருந்தா அது ஸ்லிப்தான், சந்தேகமே வேணாம். ஆனா ஆஃப் ஆயிருச்சு, அப்ப கிளட்ச் நல்லாருக்குன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா ஐடில்ல இன்ஜினோட பலம் ரொம்பக் கம்மி, அரைகுறையா தேஞ்ச கிளட்ச் கூட அதைப் பிடிச்சு நிறுத்திரும். முன்னாடி யாரும் நிக்காத இடத்துல, ஒரே ஒரு தடவ பண்ணுங்க, திரும்பத் திரும்பப் பண்ணினா நல்ல கிளட்ச்சையும் கருக்கிருவீங்க.

நான் நம்பறது ரோடு டெஸ்ட். காலைல டிராஃபிக் இல்லாத நேரம், லேசா ஏத்தம் இருக்கற ரோடு இல்லன்னா ஃப்ளைஓவர், வண்டி நல்லா சூடான பிறகு, நாலாவது கியர்ல 40, 45-ல போய்ட்டு இருக்கும்போது ஆக்சிலரேட்டர முழுசா மிதிங்க. நல்ல கிளட்ச்சுன்னா ஆர்பிஎம்மும் ஸ்பீடும் கைகோத்து மெதுவா ஏறும். ஸ்லிப்னா முள்ளு சட்டுன்னு மேல குதிக்கும், இன்ஜின் அலறும், வண்டி அதே இடத்துல நிக்கற மாதிரி இருக்கும், கால எடுத்தா முள்ளு திரும்பக் கீழ விழும். பழைய ஆல்ட்டோ பேஸ் மாடல் மாதிரி ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டில சத்தத்த வெச்சே தெரிஞ்சுக்கலாம். கூடவே கருகல் வாடை வந்தா அதோட டெஸ்ட்ட நிறுத்திருங்க. மெக்கானிக்கப் பக்கத்து சீட்ல உக்கார வெச்சு இத பண்ணிக் காட்டுங்க, இல்லன்னா அவர ஓட்டச் சொல்லி நீங்க முள்ளப் பாருங்க. ஓட்டிப் பாக்காமலே கியர்பாக்ஸ் இறக்கலாம்ங்கறவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

இறக்காம சரியாகுமான்னு பாருங்க

இதுக்கு பத்து நிமிஷம் போதும். முதல்ல கால்மாட்டுல குனிஞ்சு பாருங்க, இப்ப எல்லாரும் போடற அந்தத் தடிமனான 7டி மேட் பெடல முழுசா மேல வர விடுதான்னு. அடுத்தது, கேபிள் கிளட்ச் இருக்கற வண்டின்னா (பழைய மாருதி நிறைய இதுதான்) பெடலக் கையால மெதுவா அழுத்துங்க, ஆரம்பத்துல கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாம லூசா போகணும், அதுதான் ஃப்ரீ பிளே, எவ்ளோ மில்லிமீட்டர்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். அந்த லூசு கொஞ்சம் கூட இல்லன்னா ரிலீஸ் பேரிங் எப்பவுமே ஸ்பிரிங்க லேசா அழுத்திட்டே இருக்குன்னு அர்த்தம், அதனாலயே ஸ்லிப் ஆகலாம். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற நட்டை அட்ஜஸ்ட் பண்ணினா சரியாகும், கேபிள் துருப்பிடிச்சு இறுகியிருந்தா கேபிள் மட்டும் மாத்தலாம். பண்ணிட்டு திரும்ப அதே ஃப்ளைஓவர்ல டெஸ்ட் பண்ணுங்க. ஸ்லிப் நின்னா உங்களுக்குப் பல ஆயிரம் மிச்சம். நிக்கலன்னா கோளாறு கிளட்ச்சுக்குள்ளதான் இருக்கு, இப்ப தைரியமா அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஸ்லிப்னு தெரிஞ்ச பிறகு "இன்னும் ஒரு மாசம் ஓட்டிக்கலாம்"ங்கறதுதான் காச ஏத்தற விஷயம். வழுக்கற ஒவ்வொரு தடவையும் ஃப்ளைவீல் சூடாகுது, முகத்துல வெடிப்பு விழுது, பிளேட்ல இருக்கற ரிவெட் வெளிய வந்து இரும்பும் இரும்பும் உரசி வரிவரியாக் கீறிரும், அப்ப பிளேட்டோட போக வேண்டிய செலவு ஃப்ளைவீல் வரைக்கும் போகும். ஒர்க்ஷாப் வரைக்கும் ஓட்டியே போகணும்னா ஆள ஏத்தாம, ஏசி போடாம, ஆக்சிலரேட்டர லேசா மிதிச்சு, ஏத்தம் இல்லாத வழியாப் போங்க. வெளியூர்ல மாட்டிக்கிட்டா இன்சூரன்ஸ் பாலிசில ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அதுக்குக் காசு கட்டிட்டு மறந்துடறாங்க, அதுலயே டோயிங் வரும். கிளட்ச் மாத்தற செலவ மட்டும் இன்சூரன்ஸ் குடுக்காது, தேய்மானம் பாலிசில வராது.

எஸ்டிமேட் வாங்கறது

ரெண்டு இடத்துலயாவது கேளுங்க, ஒண்ணு கம்பெனி சர்வீஸ் சென்டர், ஒண்ணு உங்க மாடலத் தெரிஞ்ச வெளி மெக்கானிக். "கிளட்ச் மாத்த எவ்ளோ?"ன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தரும் மனசுல வெவ்வேற வேலைய வெச்சுட்டு பதில் சொல்லுவாங்க, ஒப்பிடவே முடியாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேத்தா, என்ன பிராண்ட், லேபர் தனியா எவ்ளோ, கியர் ஆயில் சேத்தா, ஃப்ளைவீல் ஃபேஸிங் (முகத்த லேத்துல சமமாச் செதுக்கறது) வேணும்னா எவ்ளோ, ஆயில் சீல் (ஆயில் கசியாமத் தடுக்கற வளையம்) சேத்தா, இப்படிப் பிரிச்சுக் கேட்டு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்குங்க. வாயால சொன்ன ரேட் வண்டி பிரிச்சுக் கிடக்கும்போது நிக்காது.

தோராயமா ஒரு கணக்கு சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் பெட்ரோல் மாதிரி சின்ன வண்டிக்கு கிளட்ச் செட் நாலாயிரத்துல இருந்து ஆறாயிரம், வெளி ஒர்க்ஷாப் லேபர் ரெண்டாயிரத்து ஐநூறுல இருந்து நாலாயிரம், அப்புறம் கியர் ஆயில், சீல்னு ஆயிரம் ஆயிரத்து ஐநூறு. கம்பெனி சர்வீஸ்ல லேபர் கூட வரும். ஹைட்ராலிக் கிளட்ச்சுல (கேபிளுக்குப் பதிலா ஃப்ளூயிட் அழுத்தத்துல வேலை செய்யறது) சில வண்டிக்கு ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளற ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே பீஸா கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கும், அது தனியா சில ஆயிரம் இழுக்கும், ஆனா அதைப் பழசாவே விட்டுட்டு மூடாதீங்க, அது லீக் ஆனா திரும்ப கியர்பாக்ஸ் இறங்கணும். ஆக்டேவியா டீசல் மாதிரி டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ரெண்டு துண்டா, நடுவுல ஸ்பிரிங் வெச்சது) இருக்கற வண்டின்னா கணக்கே வேற, அந்த ஃப்ளைவீல் மட்டுமே சின்ன வண்டியோட மொத்த கிளட்ச் செலவ விடப் பல மடங்கு போகும். உங்க வண்டில அது இருக்கான்னு சேஸிஸ் நம்பர் சொல்லி முன்னாடியே கேட்டுருங்க.

வரி பத்தி ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்னாடி நிறைய பார்ட்ஸுக்கு 28 இருந்துச்சு. லேபருக்கும் 18. லேபர் 3,500-ன்னா வரி 630 சேத்து 4,130 வரும். ஆனா பாக்ஸ்ல அடிச்சிருக்கற எம்ஆர்பி வரி சேந்த விலை, பார்ட்ஸுக்கு எம்ஆர்பியையும் போட்டு அதுக்கு மேல 18-ம் போட்டிருந்தா அது தப்பு, தயங்காம கேளுங்க.

பார்ட்ஸ்

நீங்களே வாங்கிக் குடுக்கறதா இருந்தா ஆர்சி புக்க எடுத்துட்டுப் போங்க, மாடல் பேர் மட்டும் சொன்னா பத்தாது, ஒரே பேர்ல பெட்ரோலும் டீசலும் இருக்கும், வருஷத்துக்கு வருஷம் இன்ஜின் மாறியிருக்கும், பிளேட்டோட அளவும் நடு ஸ்பிளைன் பல்லும் அதுக்கேத்த மாதிரி மாறும். வேலியோ, லுக், எக்ஸெடி இதெல்லாம் கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் செஞ்சு குடுக்கற பிராண்ட், தைரியமா வாங்கலாம், கம்பெனி பாக்ஸ்ல வர்றத விடக் கொஞ்சம் கம்மியாவும் இருக்கும். சென்னைன்னா ஜி.பி. ரோடு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வரிசையா இருக்கு, ரெண்டு கடைல விசாரிச்சு பில்லோட வாங்குங்க. புதுப்பேட்டைல பழைய வண்டியக் கழட்டி எடுத்த பார்ட்ஸ் கிடைக்கும், கதவு, கண்ணாடி, பம்பருக்கு அது நல்ல இடம், ஆனா கிளட்ச் பிளேட்ட அங்க வாங்காதீங்க, எவ்ளோ தேஞ்சதுன்னு தெரியாத ஒண்ண உள்ள வெச்சு மூடறதுல அர்த்தமே இல்ல. பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ஒட்டித் தர்றதும் நடக்குது, லாரிக்கு அது வழக்கம், சின்ன காருக்கு அதுல மிச்சமாகற காசு வேலைக்கான கூலியோட பாத்தா ஒண்ணுமே இல்ல.

பாக்ஸோட சீல் பிரிக்கறத நீங்க பாக்கணும். பார்ட் நம்பர், எம்ஆர்பி லேபிள ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கியர்பாக்ஸ் கீழ இறங்கற நேரத்துல நீங்க அங்க இருக்கணும்

ஆபீஸுக்கு லீவ் போட்டாவது இருங்க, முழு நாளும் வேணாம், இறக்கினதும் ஒரு போன் பண்ணச் சொல்லி அந்த அரை மணி நேரம் போய் நின்னா போதும். பேட்டரி, ட்ரே, வீலுக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் ரெண்டும் கழட்டி கியர்பாக்ஸ ஜாக்கில வெச்சு இறக்குவாங்க, மொத்த வேலை அரை நாள்ல இருந்து ஒரு நாள்.

பழைய பிளேட்டக் கைல வாங்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் வட்டமா ஒட்டியிருக்கற லைனிங்ல ரிவெட் தலைங்க குழிக்குள்ள இருக்கும், நல்ல பிளேட்ல விரல் வெச்சா அந்தப் பள்ளம் நல்லாத் தெரியும். தேஞ்ச பிளேட்ல ரிவெட் லைனிங்கோட சமமா வந்து நகத்துல தட்டும், சில சமயம் பளபளன்னு உரசின தழும்பே இருக்கும். மெக்கானிக் சொன்னது சரியா இல்லையாங்கறதுக்கு இதவிடப் பெரிய சாட்சி வேணாம். லைனிங் நல்ல தடிமனாவே இருந்து, ஆனா கறுப்பா ஈரமாப் பளபளத்தா, அது தேய்மானம் இல்ல, ஆயில் பட்டிருக்கு. எங்க இருந்து வருதுன்னு அப்பவே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, இன்ஜின் பின்பக்க கிராங்க் ஆயில் சீலா, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலா. சீல மாத்தாம புது பிளேட் போட்டா அதுவும் நனைஞ்சு கொஞ்ச நாள்ல வழுக்க ஆரம்பிச்சிரும். சீல் சில நூறு ரூபா பொருள், அதை எட்டற இடத்துக்கு வர்றதுக்குத்தான் இவ்ளோ பிரிச்சிருக்கீங்க, நனைஞ்சிருக்கோ இல்லையோ வண்டி பழசுன்னா ரெண்டு சீலையும் மாத்திருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்து ஃப்ளைவீல் முகம். டார்ச் அடிச்சுப் பாருங்க. சாம்பல் நிறத்துல வழவழன்னு இருந்தா நல்லது. அங்கங்க நீலம் பாரிச்சு புள்ளி புள்ளியா இருந்தா அதிகமா சூடாயிருக்கு, நகத்தால தடவும்போது வரி தட்டுதுன்னா கீறல். சாதா ஃப்ளைவீல்னா லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டுக்கலாம், வெடிப்பு ஆழமாப் போயிருந்தா மாத்தணும். டூயல் மாஸ் ஃப்ளைவீல லேத்துல குடுக்காதீங்க, கையால ரெண்டு பக்கமும் சுத்திப் பாத்து அளவுக்கு மேல ஆட்டம் இருந்தா மாத்தறதுதான் வழி. புது பிளேட்ட நீலம் பாரிச்ச முகத்து மேல அப்படியே போட்டா வண்டி எடுக்கும்போது உதறும், நீங்க திரும்ப வருவீங்க, மெக்கானிக் "ஓட ஓட செட் ஆயிரும் சார்"னு சொல்லுவாரு, செட் ஆகாது.

பிரஷர் பிளேட் நடுவுல விரல் விரலா நீட்டிட்டு இருக்கற ஸ்பிரிங்கப் பாருங்க, ரிலீஸ் பேரிங் உரசின இடத்துல பள்ளம் விழுந்திருக்கும், சில விரல் மத்ததவிட இறங்கியிருக்கும். பிளேட் மட்டும் மாத்தினா போதும், பிரஷர் பிளேட் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. கேக்காதீங்க. எங்க சித்தப்பா வண்டில ஒரு ஒர்க்ஷாப்ல அப்படித்தான் பிளேட்ட மட்டும் மாத்திக் குடுத்தாங்க, ரெண்டாயிரத்துக்கும் கம்மியா ஏதோ மிச்சம் பண்ணினதா சந்தோஷமா வந்தாரு, அஞ்சாறு மாசத்துல பெடல மிதிச்சா கீய்ய்னு சத்தம், பழைய ரிலீஸ் பேரிங் போயிருச்சு, திரும்ப கியர்பாக்ஸ் இறக்கி அதே லேபர முழுசாக் குடுத்தாரு. மூணும் ஒரே செட்டா வர்றதே அதுக்காகத்தான்.

ஏத்தும்போது சில விஷயம் கவனிங்க. பிளேட்ல ஃப்ளைவீல் பக்கம்னு அடையாளம் இருக்கும், அந்தப் பக்கம்தான் ஃப்ளைவீலப் பாத்து இருக்கணும். போல்ட்ட டைட் பண்றதுக்கு முன்னாடி அலைன்மென்ட் டூல் சொருகி பிளேட்ட நடுவுல நிறுத்தணும். ஃப்ளைவீல்லயும் லைனிங்லயும் கிரீஸ் கை படக் கூடாது, ஷாஃப்ட் ஸ்பிளைன்ல மட்டும் லேசாத் தடவணும். டிரைவ் ஷாஃப்ட் கழட்டும்போது கியர் ஆயில் வெளிய வந்திரும், பழசையே பிடிச்சு திரும்ப ஊத்தாம மேனுவல்ல சொல்ற கிரேட்ல புதுசு ஊத்தச் சொல்லுங்க.

ஏஎம்டி வண்டி (கிளட்ச்சையும் கியரையும் கம்ப்யூட்டரே மாத்திக்கறது) வெச்சிருக்கறவங்க இதையும் பாருங்க. 2014-ல செலெரியோல வந்ததுல இருந்து ஏஎம்டி நிறைய ஓடுது, பெடல் இல்லாததால கிளட்ச்சே இல்லன்னு நினைக்கறாங்க, உள்ள இருக்கறது இதே பிளேட்தான், இதே மாதிரி தேயும். ஆனா மாத்தின பிறகு ஸ்கேனர் போட்டு கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கத்துக் குடுக்கணும், அந்த ஸ்கேனர் இல்லாத இடத்துல வேலையக் குடுத்தா பாதியில நிக்கும்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி

அட்வான்ஸ் கேட்டா பார்ட்ஸ் அளவுக்குக் குடுங்க, லேபர ஓட்டிப் பாத்த பிறகு குடுங்க. அதே ஃப்ளைஓவர், அதே நாலாவது கியர் டெஸ்ட், ஆனா இந்தத் தடவ புது பிளேட்டுங்கறதால முரட்டுத்தனமா வேணாம், ஒரு தடவ மட்டும் பாருங்க. முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் உதறாம எடுக்குதா, கியர் எல்லாம் சுலபமா விழுதா, பெடல மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் இருக்கா, டேஷ்போர்டுல புதுசா ஏதாவது லைட் எரியுதான்னு பாருங்க, கியர்பாக்ஸ் பக்கம் நிறைய வயர் சாக்கெட் கழட்டி மாட்டியிருப்பாங்க. வீலத் தாங்கற லோயர் ஆர்ம் கழட்டியிருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்குதான்னு பாத்து வீல் அலைன்மென்ட் பண்ணிருங்க.

பழைய பார்ட்ஸ டிக்கில போடச் சொல்லுங்க, அது உங்க பொருள். பில்லுல பார்ட் நம்பரும் கிலோமீட்டரும் இருக்கணும், பார்ட்ஸ் வாரன்டி கேக்கப் போனா பில் இல்லாம ஒண்ணும் நடக்காது, பணத்த யுபிஐல போட்டா அதுவே ஒரு ரெக்கார்டு. சொன்னதுக்கு மேல காசு கேட்டு வண்டியத் தர மாட்டேன்னு நின்னாலோ, போடாத பார்ட்ஸுக்கு பில் போட்டிருந்தாலோ 1915-க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் அது, எழுதி வாங்கின எஸ்டிமேட் அங்கதான் கைகுடுக்கும்.

முதல் 500 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, புது லைனிங் ஃப்ளைவீல் முகத்தோட படியணும். ஓவர்லோட் வேணாம், ஏத்தத்துல பிரேக்குக்குப் பதிலா ஹாஃப் கிளட்ச்ல வண்டிய நிறுத்தி வெக்காதீங்க, ஓஎம்ஆர் மாதிரி ஊர்ந்து போற டிராஃபிக்ல கொஞ்சம் கேப் விட்டு முதல் கியர்ல கால முழுசா எடுத்துப் போங்க, ஓட்டும்போது இடது காலத் தரையில வைங்க, பெடல் மேல இல்ல. மறுநாள் காலைல வண்டி நின்ன இடத்துல கீழ ஆயில் சொட்டு இருக்கான்னு பாருங்க, டிரைவ் ஷாஃப்ட் சீல் சரியா உக்காரலன்னா அங்கதான் கசியும், இருந்தா அன்னிக்கே கொண்டு போய்க் காட்டிருங்க.